உறக்கம் தரும் மருந்தும் உறக்கம் தரும் பழக்கமும்

(அறக்கட்டளையின் திருவிழாக் கூட்டத்தில், நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உணவு, மருந்து, நூல், அபயம் என்று தானம் நால்வகைப்படும் என்பதை இந்த அவையில் உள்ள சிறுவர்களும் அறிவர். அவற்றுள் இரண்டு இன்றைய பேச்சுக்கு உரியவை. ஒன்று ஔஷத தானம்; மற்றொன்று அபய தானம். நோயுற்றவர்க்கு மருந்து தருவது முன்னது; அஞ்சி நிற்பவர்க்கு அச்சம் நீக்குவது பின்னது. பெரும்பாலான நோய்களில் இவ்விரண்டும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். மனப்பதற்றம், உறக்கமின்மை என்னும் இரு துன்பங்களில் மட்டும் இவை ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. அங்கே, அச்சத்தை நீக்க வேண்டிய இடத்தில் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் பிழை எளிதில் நேர்ந்துவிடுகிறது. அந்தப் பிழையைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, மஞ்சள் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறது, டாக்டர் ஐயா, விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன்" என்றார். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றிருந்தனர். நான் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தேன். அன்று இரவே அவர் நன்றாக உறங்கினார். பத்து நாளுக்குப் பிறகு வந்து பார்க்கும்படி சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. அவர் வரவில்லை. வராததை நானும் கவனிக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் சென்றன. அதே சீட்டைக் காட்டி வீட்டார் அதே மாத்திரையை வாங்கிக் கொண்டிருந்தனர். ஒரு மாத்திரையில் உறக்கம் வராமற்போகவே இரண்டாயிற்று; பின்னர் மூன்றாயிற்று. ஒரு நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்த இடத்தில், அவர் உண்ணும் மருந்துகள் யாவை என்று கேட்டபோது, சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் மட்டுமே வீட்டார் சொன்னார்கள். தூக்க மாத்திரையை ஒரு மருந்தாகவே அவர்கள் எண்ணவில்லை. இரண்டாம் நாள் அவருக்குக் கை நடுங்கிற்று, வியர்த்துக் கொட்டிற்று, இறந்த கணவர் எதிரே நிற்பதாகக் கூறி அழைக்கத் தொடங்கினார். காற்று, கருப்பு என்று உறவினர் அஞ்சினர். மகன் என்னைத் தேடி வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அது பேயும் அன்று, புதிய நோயும் அன்று; நான்கு ஆண்டு நாள்தோறும் உண்ட மாத்திரை திடீரென நின்றதன் விளைவு. மருத்துவர்களிடம் செய்தியைச் சொன்னோம். மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் ஓரிரு நாளில் தெளிவு பெற்றார்.

அந்த அம்மையாருக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதை இடையே சொல்கிறேன். அதற்குமுன் இந்நோய்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும்.

கவலை இல்லாத மனிதர் இல்லை. வேக வைத்துக் காய வைத்த மஞ்சள் மூட்டையாக அடுக்கியிருக்க, அடுத்த ஏலத்தில் விலை ஏறுமா இறங்குமா என்று எண்ணி ஓரிரு நாள் உறக்கம் கெடுவது நோய் அன்று. மகளின் திருமணத்திற்கு முன்னிரவு விழித்துக் கிடப்பதும் நோய் அன்று. காரணம் நீங்கியும் கவலை நீங்காமல், ஒன்று போனால் மற்றொன்றைப் பற்றிக்கொண்டு, ஆறு மாதத்திற்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனத்தை அலைக்கழித்து, வேலையையும் உறவையும் கெடுக்குமானால் அதனைப் பதற்ற நோய் என்கிறோம். அவ்வாறே வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் உறக்கம் கெட்டு, அதனால் பகற்பொழுதும் கெடுமானால் அது நாட்பட்ட உறக்கமின்மை. திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இறந்துவிடுவோம் என்னும் திகில் எழுந்து, பத்து நிமிடத்திற்குள் உச்சம் தொட்டுத் தணிவது திகில் தாக்கம். முதன்முறை இவ்வாறு நேர்ந்தால் இதய நோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். உறுதி செய்த பின்னரும் மாதந்தோறும் இதயப் பரிசோதனை எடுத்துக்கொண்டே இருப்பது அச்சத்திற்குத் தீனி போடுவதாகும்.

நம் நாட்டில் 2015–16 ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்திற்று. வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உடையவராய் இருந்தனர். அவர்களுள் மிகப் பலர் உரிய சிகிச்சை பெறாதவர்கள். பத்து வீடுகள் உள்ள தெருவில் ஒருவரேனும் இவ்வாறு துன்புறுகிறார். அவர் பெரும்பாலும் எவரிடமும் சொல்வதில்லை. இதில் வெட்கத்திற்கு இடமில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

உறக்கம் கெட்டவுடன் மாத்திரையைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஸ்டீராய்டு மருந்துகளும் ஆஸ்துமாவிற்கான சில மருந்துகளும் விழிப்பைத் தூண்டும். காப்பியில் உள்ள கஃபீன் பாதியளவு நீங்குவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உடையவர்க்கு உறக்க மூச்சுத்தடை நோய் இருக்கக்கூடும். அவர்க்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சுத்தடை மேலும் மோசமாகலாம். அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எதிலும் விருப்பமின்றி, உயிர் வாழ்வதே சுமையாகத் தோன்றுமானால் அது மனச்சோர்வு நோய். அதற்குரிய சிகிச்சை தேவை. லாரி ஓட்டுவோர், போர்வெல் வண்டியில் ஊர் ஊராய்ச் செல்வோர், விசைத்தறியில் இரவு முறை பார்ப்போர் ஆகியோர்க்கு உறக்கம் கெடுவதன் காரணம் அவர்தம் வேலை நேரத்திலேயே இருக்கிறது.

இனி மருந்துகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை மனக்கொந்தளிப்புக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதன் பயனை மருத்துவ இதழில் எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டு சீபா நிறுவனத்தின் வேதியியலார் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உலகெங்கும் அது மனநோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் பயன்பட்டது. பின்னர், அதனை உண்டவருள் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாவதாக மருத்துவர்கள் எழுதினர். புதிய மருந்துகள் வந்ததும் அதன் ஆட்சி முடிந்தது. வேரிலிருந்து வந்த மருந்தாயினும் ஆலையில் செய்த மருந்தாயினும், பயன் தரும் ஆற்றல் உள்ளது எதுவோ அதற்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. "பக்கவிளைவு இல்லாத மூலிகை" என்று விளம்பரம் செய்து விற்கும் உறக்கப் பொடிகளை வாங்கும்போது இதை நினைவில் கொள்க. அமுக்கராக் கிழங்கும் ஜாதிக்காயும் நம் வீடுகளில் அறிமுகமானவையே. ஆனால் அமுக்கரா சிலர்க்குக் கல்லீரலைப் பாதித்ததுண்டு. ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சாகும். உண்பதானால் தகுதி பெற்ற சித்த மருத்துவரின் கண்காணிப்பில் உண்க. மற்ற மருந்துகள் உண்பதையும் அவரிடம் மறைக்காதீர்.

மேலை நாட்டில் 1903-இல் பார்பிடூரேட்டு வகை உறக்க மருந்துகள் வந்தன. அவற்றில் உறக்கம் தரும் அளவுக்கும் உயிர் போக்கும் அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. ஆதலால் 1960-இல் லிபிரியம், 1963-இல் வாலியம் என்னும் பெயர்களில் பென்சோடையசெபைன் மருந்துகள் வந்தபோது மருத்துவ உலகம் பெருமூச்சு விட்டது. அவற்றைக் கண்டறிந்தவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலார். டையசெபாம், அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம், நைட்ரசெபாம் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. சோல்பிடெம் என்பது நெருங்கிய உறவு உடையது.

மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருள் இயல்பாகவே உண்டு. இம்மருந்துகள் அதன் செயலை வலுப்படுத்துகின்றன. ஆதலால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றம் தணிகிறது, கண் செருகுகிறது. வலிப்பு வந்து துடிப்பவர்க்கு இது உயிர் காக்கும் மருந்து. மதுவை நிறுத்துவோர்க்கு வரும் நடுக்கத்திற்கும், தாங்க இயலாத பேரிடி நேர்ந்த சில நாட்களுக்கும் இது உதவும். அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல மூளை அம்மருந்துக்குப் பழகி, தன் சொந்த அடக்கத்தைத் தளர்த்திக்கொள்கிறது. முன்பு ஒன்று போதுமாயிருந்த இடத்தில் இரண்டு தேவையாகிறது. நிறுத்தினால் முன்பிருந்த பதற்றத்தினும் மிகுந்த பதற்றம் எழுகிறது. அதனைக் கண்டு, "நோய் இன்னும் போகவில்லை, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று நோயாளி முடிவு செய்துவிடுகிறார். அடிமைப்படுதல் நிகழ்வது இப்படித்தான். அதில் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை.

மூத்தோர்க்கு இத்தீங்கு மிகுதி. அவர்தம் உடலில் மருந்து நெடுநேரம் தங்கும். மறதி, தள்ளாட்டம், விழுதல், எலும்பு முறிதல் ஆகியவை பின்தொடரும். முதியோர்க்கு இயன்றவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவை நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளன. வலி நீக்கும் ஓபியாய்டு மருந்துகளோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 செப்டம்பரில் இவ்வகை மருந்துகள் அனைத்துக்கும் அடிமைப்படுத்தும் இயல்பு குறித்த கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் அல்பிரசோலம், டையசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் முதலியன எச்1 அட்டவணை மருந்துகள். 2014 மார்ச் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, மருத்துவரின் சீட்டு இன்றி இவற்றை விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆதலால் சீட்டு இல்லாமல் மாத்திரை தர மறுக்கும் கடைக்காரரோடு சண்டையிடாதீர். அவர் உங்களுக்கு நன்மை செய்கிறார்.

நாமக்கல் மாவட்டம் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. தேர்வு நெருங்கும்போது கை வியர்த்து உறக்கமின்றித் தவிக்கும் பிள்ளைக்கு, அன்பின் மிகுதியால், தன் மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுத்த தாயை நான் கண்டிருக்கிறேன். இம்மருந்து புதிய செய்தியை நினைவில் பதிப்பதையே தடுக்கும். எந்தத் தேர்வுக்காக அந்தப் பாதி மாத்திரையைக் கொடுத்தாரோ அந்தத் தேர்வுக்கே அது எதிரி. ஒருவர்க்கு எழுதிய மனநல மருந்தை மற்றொருவர் உண்பது எக்காரணத்தாலும் கூடாது.

பதற்ற நோய்க்கு நெடுநாள் மருந்து தேவைப்படுமானால் அதற்கு வேறு வகை உண்டு. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை அவை. இவை அடுத்த மணி நேரத்தில் பயன் தருவன அல்ல. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் சிறிது மிகுந்த படபடப்பும் வரலாம். இதை முன்கூட்டி அறியாதவர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார். நலம் பெற்ற பின்னும் சில மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை பென்சோடையசெபைன் போல ஏங்க வைத்து அளவை ஏற்றுவன அல்ல. எனினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும்.

இனி மருந்தல்லாத சிகிச்சைக்கு வருவோம். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்", "நல்லதையே நினை" என்பன அறிவுரை, சிகிச்சை ஆகமாட்டா. நான் சொல்ல வருவது அளவும் முறையும் உடைய பயிற்சி. நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இப்பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் நெறிமுறை வகுத்தது. மாத்திரையின் பயன் மாத்திரையோடு முடிகிறது. பயிற்சியின் பயன் அது முடிந்த பின்னும் நிற்கிறது என்பதே காரணம்.

இப்போது அந்த அம்மையாரின் கதைக்குத் திரும்புகிறேன். எலும்பு கூடி அவர் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் இரண்டு வேலைகளை ஒருங்கே செய்தோம். முதல் வேலை மாத்திரையைக் குறைப்பது. மூன்று மாத்திரையிலிருந்து அரை மாத்திரையைக் குறைத்து, ஏறத்தாழ நான்கு வாரம் அதிலேயே நிறுத்தினோம். பின் மீண்டும் அரை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இரவு துன்பமாக இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்தேன். ஆறு மாதம் ஆயிற்று.

இரண்டாவது வேலை உறக்கத்தைப் பழக்குவது. ஒரு வாரம் உறக்கக் குறிப்பு எழுதச் சொன்னேன், பேத்தி எழுதினாள். இரவு எட்டு மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிறார். படுக்கையில் பத்து மணி நேரம். உறங்கியதோ ஐந்தரை மணி நேரம். உழவர் குடும்பம் ஆதலால் அவர்களுக்கு விளங்கும் வகையில் சொன்னேன்: "கிணற்றில் இருப்பது ஐந்து பாத்திக்கான தண்ணீர். அதைப் பத்துப் பாத்திக்குத் திருப்பினால் ஒன்றும் நனையாது. முதலில் பாத்தியைக் குறைப்போம். தண்ணீர் ஊறினால் பிறகு கூட்டுவோம்." இரவு பதினொரு மணிக்கு முன் படுக்கைக்குச் செல்லக் கூடாது; காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும்; பகலில் உறங்கக் கூடாது என்று வகுத்தோம். படுக்கையில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு உறங்கிவிட்டால், அடுத்த வாரம் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம்.

அதனோடு மற்றொரு விதி. படுத்து இருபது நிமிடம் போலச் சென்றும் உறக்கம் வரவில்லையானால் படுக்கையில் புரளக் கூடாது. எழுந்து வேறிடத்தில் மங்கிய விளக்கில் அமர்ந்து, மனத்தைத் தூண்டாத வேலை ஒன்றைச் செய்ய வேண்டும். கண் அயரும்போதுதான் மீண்டும் படுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. படுக்கை என்றால் விழிப்பும் கவலையும் என்று மூளை கற்றுக்கொண்ட பாடத்தை மறக்கச் செய்து, படுக்கை என்றால் உறக்கம் என்று மீண்டும் கற்பிப்பதே இதன் நோக்கம். 1972-இல் ரிச்சர்டு பூட்சின் என்னும் உளவியலார் வகுத்த முறை இது. அம்மையார் திண்ணையில் அமர்ந்து பஞ்செடுத்து விளக்குத் திரி திரிப்பார். முதல் இரண்டு வாரம் எனக்குச் சாபமே கிடைத்தது. "தூங்கப் படாதுன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். மூன்றாம் வாரத்தில் பதினொரு மணி வரை விழித்திருப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. சில மாதங்களில் பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவர் ஆனார். ஆறு மணி நேரம் போல உறங்கினார். அவர் வயதுக்கு அது குறைவன்று. வீட்டில் திரிகள் மட்டும் டப்பா டப்பாவாகச் சேர்ந்திருந்தன.

இம்முறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. தொடக்க வாரங்களில் பகலில் கண் அயரும். ஆதலால் வண்டி ஓட்டுவோர், இயந்திரத்தில் வேலை செய்வோர், வலிப்பு நோய் உடையோர், மனவெழுச்சி நோய் உடையோர் ஆகியோர் தாமாக இதைத் தொடங்கக் கூடாது. எவராயினும் படுக்கை நேரத்தை ஐந்து மணிக்குக் கீழே குறைக்கக் கூடாது.

பதற்றத்திற்கும் இவ்வாறே பயிற்சிகள் உண்டு. முதலாவது, கவலைக்கென ஒரு நேரம் ஒதுக்குவது. மாலையில் இருபது நிமிடம் தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்து, கவலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அடுத்துச் செய்யக்கூடிய ஒரு செயலை எழுதுக. "மஞ்சளை இந்த வாரம் விற்பதா?" என்றால், "நாளை விலை விசாரிப்பேன்" என்று எழுதுக. செய்வதற்கு ஒன்றும் இல்லாத கவலைக்கு எதிரே, "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்றே எழுதுக. இரவில் அக்கவலை வந்தால், "உனக்கு நாளை மாலை நேரம் உண்டு" என்று சொல்லி அனுப்புக. இரண்டாவது, அஞ்சி ஒதுங்குவதைப் படிப்படியாகக் கைவிடுவது. பேருந்தில் ஒருமுறை திகில் தாக்கம் வந்தவர் பேருந்தையே தவிர்த்தால் அச்சம் வளரும். முதல் நாள் நிலையத்தில் நிற்க. அடுத்து நின்றிருக்கும் வண்டியில் அமர்க. பின் ஒரு நிறுத்தம், பின் இரண்டு. முடிவில் இராசிபுரம் வரை தனியாகச் சென்று வருக. ஒவ்வொரு படியிலும் அச்சம் ஏறித் தானாகவே இறங்குவதைக் கண்ணாரக் காண்பதே மருந்து. மூன்றாவது, மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுதல். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல். நான்காவது, நாள்தோறும் அரை மணி நேரம் வேக நடை. காலை வெயிலில் என்றால் உறக்கத்திற்கும் நன்று.

நம் குடும்பங்களுக்கே உரிய சில செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

பொழுது சாயும் முன் உண்ணும் நம் முன்னோர் பழக்கம் உறக்கத்திற்கும் துணை செய்வதே. உண்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சலால் விழிப்பு வரும். ஆனால் பொழுது சாய்ந்த பின் நீரும் அருந்தாத நோன்பு உடையவர், இரவில் உண்ண வேண்டிய மருந்தை எவ்வாறு உண்பது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பல மருந்துகளைக் காலைக்கு மாற்ற இயலும். கேட்காமல் விட்டுவிடுவதே தவறு. பருவ நாட்களில் உபவாசம் இருப்போர் பலர் அந்நாட்களில் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகின்றனர். நெடுநாள் தூக்க மாத்திரை உண்பவர் அவ்வாறு திடீரென நிறுத்தினால், நான் முன்பு சொன்ன அம்மையாருக்கு நேர்ந்தது நேரும்; வலிப்பும் வரக்கூடும். நோன்புக்குப் பல வாரம் முன்பே மருத்துவரைக் காணுங்கள். மருந்துக் குப்பிகளின் மேலுறை பெரும்பாலும் விலங்குகளிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது என்பதால் உண்ணத் தயங்குவோர் உண்டு. தயக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மருந்தை மறைவாகத் தூக்கி எறியாதீர். இந்நோய்க்கான மருந்துகளுள் பெரும்பாலானவை மாத்திரை வடிவிலேயே கிடைக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள்.

சாமாயிகத்தில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அசையாது அமரும் வழக்கம் நமக்கு உண்டு. அதனை நோய்க்கு மருந்து என்று நான் விளம்பரம் செய்ய மாட்டேன். அதன் நோக்கம் வேறு. ஆயினும் எழும் எண்ணத்தை விரட்டாமலும் அதன் பின்னே ஓடாமலும் இருக்கப் பழகியவர்க்கு, நள்ளிரவில் வரும் எண்ணங்களைத் தாங்கும் திறன் கூடுகிறது என்பதை என் நோயாளிகளிடம் கண்டிருக்கிறேன். அதே வேளையில், "தியானம் செய்கிறவருக்கு மாத்திரை எதற்கு?" என்று வீட்டில் ஒருவரையும் இடித்துரைக்காதீர். கடும் நோய்க்கு மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

உதவி எங்கே என்று கேட்பீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் தமிழில் கட்டணமின்றி அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்னும் பேச்சு ஒருவர் வாயிலிருந்து வந்தால் அதைப் பசப்பு என்று தள்ளாதீர்; அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்று வீடு சென்றதும் ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பெட்டியை எடுத்து, ஒவ்வொரு அட்டையின் பெயரையும் படித்து, எது எதற்கு, எத்தனை நாளாய் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். தூக்க மாத்திரை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்திருந்தால் அத்தாளுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். அதைப் பிடுங்கி எறியாதீர். நீங்களாகக் குறைக்கவும் செய்யாதீர். பிறகு அவர் அருகில் அமர்ந்து, "இரவில் தூங்குகிறீர்களா? எதை நினைத்து விழித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு என் முன்னே அமர்ந்திருந்த அந்த அம்மையாரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. மருந்தை அன்று கொடுத்தேன், அபயத்தைக் கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டையும் கொடுங்கள்.